வீடியோ நடுவரும் கூட்டத்தின் கோபமும்

கால்பந்தை விடாமல் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நடுவரின் தவறுகளைத் திருத்தத்தானே வீடியோ வந்தது? அது வந்த பிறகும் ரசிகர்கள் மைதானத்துக்குள் கையில் கிடைத்ததை எறிகிறார்கள், நடுவரைத் துரத்துகிறார்கள். சண்டையைத் தணிக்க வந்த கருவியே சண்டையை மூட்டிவிடுமா?"

நடுவரின் முடிவு உயிர்ப்பலி வாங்கிய வரலாறு வீடியோவை விடப் பழையது. 1964 மே 24 அன்று பெருவின் தலைநகர் லிமாவில், அர்ஜென்டினாவுடனான ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் பெரு அடித்த கோலைச் செல்லாது என்றார் நடுவர். ரசிகர்கள் இருவர் அடுத்தடுத்து மைதானத்துக்குள் ஓடினார்கள். போலீஸ் அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்து அரங்கமே கொதித்தது. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் பாய்ந்தன. படிக்கட்டுகளின் அடியில் இரும்புக் கதவுகள் மூடிக் கிடந்தன. அதிகாரபூர்வக் கணக்கின்படி 328 பேர் மாண்டார்கள். நம் நாட்டிலும் 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். வீடியோ இல்லாத காலத்தைப் பொற்காலம் என்று பேசுபவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

தனி அறையில் காட்சிகளைப் பார்ப்பவர் மைதான நடுவரின் காதுக்குத் தகவல் சொல்வதுதான் விஏஆர் என்ற வீடியோ நடுவர் முறை. உலகக் கோப்பைக்கு அது 2018-இல் வந்தது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறித் தண்டிப்பது ஆகிய நான்கில்தான் அது தலையிடலாம் என்பது அப்போதைய விதி. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடை, அதாவது எதிரணித் தடுப்பு வீரர்களைத் தாண்டி நின்று பந்தைப் பெறும் மீறலை, கண்டறியக் கூரையடியில் 12 கேமராக்கள் பொருத்தினார்கள். ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை அவை அளந்தன. துல்லியம் இவ்வளவு கூடியும் சச்சரவு ஓயவில்லை. ஏன்?

கூட்டத்தைப் பற்றி நம்மில் பலர் நம்புவது 1895-இல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ பான் எழுதியதைத்தான். கூட்டத்தில் சேர்ந்ததும் மனிதன் அறிவை இழக்கிறான், வெறி தொற்றுநோயாகப் பரவுகிறது என்றார் அவர். இதைப் படித்தவர்களின் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். ஆதாரங்கள் நேரெதிராக நிற்கின்றன.

1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் இருந்த ஒரு காப்பிக் கடையில் போலீஸ் சோதனை நடத்த, கலவரம் வெடித்தது. உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கர் அதை நுணுக்கமாக ஆராய்ந்தார். வெறிபிடித்த கூட்டம் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்திருக்க வேண்டும் அல்லவா? அடிக்கவில்லை. கற்கள் போலீஸ் மீது விழுந்தன. வங்கி போன்ற சில கட்டடங்கள் தாக்கப்பட்டன. மக்களின் வீடுகள் தப்பின. போலீஸ் பின்வாங்கியதும், செயின்ட் பால்ஸ் எல்லையைத் தாண்டிக் கூட்டம் துரத்திப் போகவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். கூட்டத்துக்குள் போகிறவன் தன்னை இழப்பதில்லை என்ற முடிவுக்கு ரைக்கர் வந்தார். அவன் 'நான்' என்ற அடையாளத்திலிருந்து 'நாம்' என்ற அடையாளத்துக்கு மாறுகிறான். அந்த 'நாம்' எதைச் சரி என்கிறதோ அதைச் செய்கிறான், அது வகுத்த வரம்போடு நிற்கிறான்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. இந்த 'நாம்' எவ்வளவு பெரியது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கூட்டமே அல்ல, எதிரில் நிற்பவர். 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் கூட்ட உளவியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் ஸ்டாட்டும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ரசிகர்களின் கூடவே இருந்து கவனித்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களை ஊரும் போலீஸும் இன்முகத்தோடு வரவேற்றன. அவர்களில் எவனாவது வம்புக்குப் போனால் பக்கத்தில் நின்றவர்களே அவனை இழுத்து உட்கார வைத்தார்கள். மார்சே நகரிலோ இங்கிலாந்து ரசிகர்கள் எல்லோரையும் போலீஸ் ரௌடிகளாகவே நடத்தியது. பீர் குடித்துப் பாட்டுப் பாட வந்தவனுக்கும் அடி, கல் எறிந்தவனுக்கும் அடி. காலையில் அந்தக் கல்லெறிபவனைக் கண்டு முகம் சுளித்தவன் மாலையில் அவன் பக்கத்தில் நின்றான். ஒரே மாதிரி நடத்தப்பட்டவர்கள் ஒரே கூட்டமானார்கள். அதோடு, அதுவரை ஓரத்தில் கிடந்த முரடனின் பேச்சுக்குக் கூட்டத்தில் மதிப்பு வந்துவிட்டது.

2004 யூரோ கோப்பையில் இதைச் செயலில் பார்க்க முடிந்தது. போர்ச்சுகலின் நகரப் போலீஸ், ஸ்டாட்டின் குழுவோடு சேர்ந்து, கவசமும் தடியும் முன்னே தெரியாமல் ரசிகர்களோடு கலந்து நின்றது. தவறு செய்தவனை மட்டும் தனியே பிடித்தது. ஆட்டங்கள் நடந்த நகரங்களில் இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய தொல்லையே இல்லை. வேறொரு படையின் பொறுப்பில் பழைய பாணியிலேயே காவல் நடந்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் கலவரம் நடந்தது. அதே நாடு, அதே வாரங்கள், அதே நாட்டு ரசிகர்கள்.

இப்போது வீடியோ நடுவரை இந்தக் கண்ணோடு பாருங்கள். பந்து வலைக்குள் போகிறது. பக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடித்துக் கத்துகிறோம். நடுவர் காதில் விரலை வைத்தபடி நிற்கிறார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வீட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவனுக்கு ஆறு கோணங்களும் கோடு போட்ட படமும் கிடைக்கின்றன. டிக்கெட் வாங்கி மழையில் நிற்பவனுக்குக் கிடைப்பது அந்த விரல் மட்டுமே. மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு போன்ற புகழ்பெற்ற அரங்குகளில் பெரிய திரைகூடக் கிடையாது. முடிவோ, லண்டனின் மேற்கு ஓரத்தில் ஸ்டாக்லி பார்க் என்ற அலுவலக வளாகத்தின் ஓர் அறையிலிருந்து வருகிறது.

அந்த அறைக்கு அரங்கின் இரைச்சல் எட்டாது. முன்பு, முடிவெடுத்த நடுவரின் காதுக்கு அது எட்டியது. இங்கிலாந்தில் ஆலன் நெவிலும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஆட்டத்தின் பதிவை நடுவர்கள் சிலருக்கு ஒலியோடும் சிலருக்கு ஒலியில்லாமலும் காட்டினார்கள். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். அது அநீதிதான், நீங்க வேண்டியதுதான். ஆனால் தன் குரல் ஆட்டத்தைத் தொடுகிறது என்ற உணர்வும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அரங்கில் இருக்கும் அத்தனை பேரும், இரண்டு அணிக்காரர்களும், ஒரே மாதிரி புறக்கணிக்கப்படுகிறார்கள்.

அதன் விளைவை நார்வே காட்டியது. 2024 ஜூலையில் ரோசன்போர்க் - லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில் மீன் வடைகளும் டென்னிஸ் பந்துகளும் புகைக்குண்டுகளும் மைதானத்தில் விழுந்தன. கடைசியில் ஆட்டத்தையே கைவிட்டார்கள். இரண்டு அணிகளின் ரசிகர்களும் விஏஆருக்கு எதிராக ஒன்றாக நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். வாசகரின் கேள்விக்கு என் விடை இதில் இருக்கிறது. வீடியோ நடுவர் முறை ரசிகனை ரசிகன் மீது ஏவுவதாக எனக்குத் தெரியவில்லை. கோபத்தின் திசையை அது மாற்றுகிறது. மேலே, முடிவெடுப்பவரை நோக்கி.

அந்தத் திசையிலும் ஆபத்து உண்டு. 2023 மே 31 அன்று புடாபெஸ்டில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில், பந்து கையில் பட்டது என்று பெனால்டி கேட்டது இத்தாலிய அணியான ரோமா. வீடியோ அறை பார்த்தும் கிடைக்கவில்லை. ரோமா தோற்றது. மறுநாள் விமான நிலையத்தில் நடுவர் ஆண்டனி டெய்லரையும் அவர் குடும்பத்தையும் ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு வசைபாடினார்கள், நாற்காலி பறந்தது. 'கேமராவில் பார்த்தும் இப்படியா?' என்ற எண்ணம் அங்கே வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணால் தவறவிட்டவரை மன்னிக்கலாம். ரீப்ளே பார்த்த பிறகும் தராதவரைச் சதிகாரர் என்று நம்புவது எளிது. நடுவர்கள் விலைபோனவர்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே ஊறிப்போன இடங்களில் இது இன்னும் மோசம். துருக்கியில் 2024-இல் வெளிநாட்டு நடுவர்களை அழைத்து வந்து வீடியோ அறையில் உட்கார வைத்தார்கள்.

எல்லோருக்கும் படத்தைக் காட்டிவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா? தீராது. 1951-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் படத்தை, உளவியலாளர்கள் ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃபும் ஹாட்லி காண்ட்ரிலும் இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களை எண்ணச் சொன்னபோது, பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டதில் பாதியைத்தான் டார்ட்மத் மாணவர்கள் கண்டார்கள். ஆகவே, துல்லியத்தைக் கொண்டு ரசிகனை வாயடைத்துவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. ஆனால் முடிவு பாதகமாக இருந்தாலும், அது எடுக்கப்பட்ட முறை நேர்மையானது என்று கண்டால் மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். டாம் டைலர் நீதிமன்றம், போலீஸ் குறித்துப் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செயின்ட் எட்டியனில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மொராக்கோவுக்கு எதிராக அர்ஜென்டினா 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த நேரத்தின் 16-ஆவது நிமிடத்தில் கோல் அடித்து 2-2 என்று சமன் செய்தது. பொருள்கள் பறந்தன, மொராக்கோ ரசிகர்கள் உள்ளே ஓடிவந்தார்கள், வீரர்கள் வெளியேறினார்கள். ஆட்டம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, காலி அரங்கில், அந்த கோல் ஆஃப்சைடு என்று வீடியோ பார்த்து ரத்து செய்தார்கள். மிச்சமிருந்த மூன்று நிமிடங்களையும் ஆடி, 2-1 என்று மொராக்கோவே வென்றது. தங்களுக்குச் சாதகமாக வரவிருந்த முடிவுக்கு முன்பே கூட்டம் வெடித்துவிட்டது. கோலைச் சோதிக்கிறார்கள் என்ற செய்தி அப்போதே அரங்கம் முழுவதும் உரக்க ஒலித்திருந்தால்?

கூட்டத்தை அறிவியலாகப் படிக்க நம் அரசுகள் பணம் ஒதுக்கவேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். திருவிழா, கிரிக்கெட், அரசியல் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் பெருந்திரள் கூடும் நாட்டில், கூட்ட உளவியலுக்கென்று ஆய்வுத்துறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட வளரவில்லை. தடியும் தடுப்பும் வாங்கப் பணம் கிடைக்கிறது.

கால்பந்தில் கதவு மெல்லத் திறக்கிறது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் நடுவர்கள் மைக்கில் தங்கள் முடிவையும் காரணத்தையும் அறிவித்தார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2025-26 பருவத்தில் அதைத் தொடங்கியது. 2025 கிளப் உலகக் கோப்பையில், நடுவர் ஓரத்திரையில் பார்க்கும் காட்சி அரங்கின் பெரிய திரையிலும் ஓடியது. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் "அல்ட்ரா எட்ஜ் காட்டுங்கள்" என்று கேட்பதிலிருந்தே நாம் டிவியில் கூடவே கேட்கிறோம். ரக்பியில் நடுவரும் வீடியோ நடுவரும் பேசிக்கொள்வதையும் கேட்கிறோம். கால்பந்தில் அந்த உரையாடல் மட்டும் ஆட்டம் நடக்கும் நேரத்தில் இன்னும் ரசிகர்களின் காதுக்கு வரவில்லை. அடுத்துத் திறக்கவேண்டியது அதுதான்.