மண்டைக்குள் ஓடும் மூன்று மலைகள்

"ஏங் கண்ணு, அந்த 24-ங்கறது நல்லதா கெட்டதா?"

பார்வையாளர் நேரம் முடிந்து எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா மட்டும் மகனின் கால்மாட்டில் நின்று மானிட்டரைக் காட்டிக் கேட்டார். மகனின் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் எண் அது. மகன் தக்காளி லோடு இறக்கிவிட்டு பைக்கில் திரும்பும்போது விழுந்தவர். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலேயே இருந்திருக்கிறது.

கிருஷ்ணகிரியில் ஓர் ஐசியுவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சென்னைச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் கூடுகிற ஊர் இது. இங்கிருந்து தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகும் சாலையில் எத்தனை விபத்து நடக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையில் அடிபட்டு வருகிறவர்களின் வீட்டார் எல்லோரும் ஏதோ ஒரு நாள் அந்த அம்மா கேட்டதைக் கேட்கிறார்கள். அன்று நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெரியவர்களின் மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. அதற்குள் ஏறக்குறைய 80 சதவீதம் மூளை. மீதி இடத்தை ரத்தமும், மூளையைச் சுற்றி ஓடும் தெளிந்த தண்ணீர் போன்ற திரவமும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த திரவத்தை மூளைத்தண்டுவட நீர் என்பார்கள். இந்த மூன்றில் ஒன்று கூடினால் மற்ற இரண்டில் ஏதாவது குறைந்தே ஆக வேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்கள் அலெக்சாண்டர் மன்றோ 1783-லும் ஜார்ஜ் கெல்லி 1824-லும் சொன்னது இது. இன்றைக்கும் தலைக்காய சிகிச்சை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அடிபட்டதும் உள்ளே ரத்தம் கட்டுகிறது, மூளை வீங்குகிறது. சந்தை நாளில் பாலக்கோடு மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுகிறவர்களுக்கு, உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து இடம் கொடுத்துவிடுவார்கள். மண்டைக்குள்ளும் அப்படித்தான். திரவம் கொஞ்சம் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கிவிடும், சிரை ரத்தம் கழுத்து வழியாக வடிந்துவிடும். அதனால் முதலில் கொஞ்ச நேரம் அழுத்தம் பெரிதாக ஏறாது. நகர இடம் தீர்ந்தபிறகு ஒரே ஒரு ஆள் கூடுதலாக ஏறினாலும் மொத்த பஸ்ஸும் மூச்சுத் திணறும். "ஆம்புலன்ஸ்ல பேசிட்டுதானே வந்தான், திடீர்னு எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு இந்த அழுத்தம் 7 முதல் 15 வரை இருக்கும். பிபியை அளக்கிற அதே பாதரச மில்லிமீட்டர் கணக்குதான். 22-ஐத் தாண்டி நின்றால் இறக்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். இருமினாலோ சளியை உறிஞ்சினாலோ அரை நிமிடம் 30-க்குப் போய் இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். எவ்வளவு ஏறியது என்பதோடு எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்போம்.

சரி, அழுத்தம் ஏறினால் என்ன கெடுதல்? தோட்டத்தில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. நடுவில் யாரோ குழாயை மிதித்துக்கொண்டு நிற்கிறார். மோட்டாரின் வேகம் மிதியைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவுதான் கடைசிச் செடிக்குப் போகும். இங்கே மோட்டார் இதயம், மிதிக்கிற கால் மண்டைக்குள் இருக்கும் அழுத்தம். சராசரி ரத்த அழுத்தத்தில் (மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் நடுவில் வரும் கணக்கு) இதைக் கழித்தால் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை கிடைக்கும். அன்று அந்தப் பையனுக்குச் சராசரி பிபி 90, மண்டைக்குள் 24. கழித்தால் 66. 60-க்கும் 70-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது கணக்கு, அதனால் அப்போதைக்குப் பிழைத்தோம். அதே 24 இருக்கும்போது சராசரி பிபி 60-க்கு விழுந்திருந்தால் மிச்சம் 36-தான். உடம்பு எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, உடம்புக்குப் போகும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிற உறுப்பு. சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தம் எல்லை மீறும்போது மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிபியைத் தானே ஏற்றும். நாடித்துடிப்பு குறையும், மூச்சு தாறுமாறாகும். 1900-களின் தொடக்கத்தில் ஹார்வி குஷிங் என்ற அறுவை மருத்துவர் விளக்கியது இது. வெளியே உட்கார்ந்திருக்கிற வீட்டார் "பிபி நல்லா ஏறியிருக்காம்" என்று சந்தோஷப்படும் அதே நேரத்தில் உள்ளே நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம்.

அளப்பதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, மண்டையில் சிறு துளை போட்டு மூளைக்குள் இருக்கும் திரவ அறையில் மெல்லிய டியூபை இறக்குவது. அழுத்தத்தையும் காட்டும், கூடுதல் திரவத்தை வடிக்கவும் செய்யலாம். இரண்டாவது, நுனியில் சென்சார் இருக்கும் ஒரு கம்பியை மூளைத் திசுவிலேயே வைப்பது. வைப்பது சுலபம், ஆனால் வடிக்க முடியாது.

டியூப் வகையில் எங்கள் கவனமெல்லாம் காது மேல்தான். காதுத்துளைக்கு முன்னால் குருத்தெலும்பு சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டுப் பாருங்கள். அந்த உயரத்துக்கு நேராக அளவுகோலின் பூஜ்யத்தை வைக்க வேண்டும். ஒருமுறை பாசத்தில் ஒரு அண்ணன், தம்பிக்கு வசதியாக இருக்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டுப் பிடியைச் சுற்றி உயர்த்திவிட்டார். தலை ஏறிவிட்டது, அளவுகோல் பழைய இடத்திலேயே நின்றது. 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே 7 மில்லிமீட்டருக்கு மேல் பொய்யாகக் கூடிக் காட்டும். அதைவிட ஆபத்து, திறந்திருந்த டியூப் வழியாகத் திரவம் வேகமாக வடியத் தொடங்கியிருந்தது. உடனே மூடிவிட்டு உயரத்தைச் சரிசெய்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்தான். அன்றிலிருந்து கட்டிலைத் தொடாதீர்கள் என்பதைக் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அலையும் ஓடும். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூன்று சின்ன மலைகள். நன்றாக இருக்கும் மூளையில் முதல் மலை உயரம், இரண்டாவது அதைவிடக் குட்டை, மூன்றாவது இன்னும் குட்டை. படிக்கட்டு இறங்குவதுபோல இருக்கும். மூளை இறுகிப்போய், நகர இடமில்லாத நிலைமை வரும்போது நடு மலை எழுந்து முதல் மலையைத் தாண்டிவிடும். எண் 18 என்று சாதுவாக இருக்கும்போதே நடு மலை எழுந்துவிட்டால், அடுத்த ஆள் ஏற பஸ்ஸில் இடமில்லை என்று அர்த்தம். ஸ்வீடன் நாட்டு நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-ல் இந்த அழுத்தத்தை மணிக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்து காட்டினார். 50-க்கும் மேலே எகிறி, 5 முதல் 20 நிமிடம் அங்கேயே நின்று இறங்கும் பெரிய அலைகளை அந்தப் பதிவுகளில்தான் உலகம் தெளிவாகப் பார்த்தது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. தண்ணீரைத் தள்ளும் விசை சரியாக இருக்கிறது, செடி குடித்ததா?

பெங்களூரில் பயிற்சிக்குப் போயிருந்தபோது பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. நோயாளியின் மண்டை அழுத்தம் 16. விரல் கிளிப்பில் ஆக்சிஜன் 99 சதவீதம். பிபியும் சரி. ஆனால் மூளைத் திசுவுக்குள் வைத்திருந்த நூல் போன்ற ப்ரோப், அதாவது ஆக்சிஜனை அளக்கும் கம்பி, 13 என்று காட்டியது. இதுவும் பாதரச மில்லிமீட்டர் கணக்குதான். 20-க்குக் கீழே போனால் மூளை தவிக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விரல் கிளிப் சொல்வது, ரத்தம் தன்னால் சுமக்க முடிந்ததில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்து போகிறது என்பதை. அந்தச் சுமை மூளைத் திசுவில் இறங்கியதா என்று அது சொல்லாது.

காரணம் வென்டிலேட்டரில் இருந்தது. மூச்சு வேகமாகப் போய் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 28-க்கு இறங்கியிருந்தது. 35-க்கு மேல் இருக்க வேண்டியது. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். உள்ளே ரத்தம் குறைவதால் அழுத்தமும் இறங்கும், எண் அழகாக இருக்கும். ஆனால் அந்த அழகு, மூளையைப் பட்டினி போட்டு வாங்கியது. வென்டிலேட்டரை மெதுவாக்கினார்கள். இருபது நிமிடத்தில் மூளைத் திசுவின் ஆக்சிஜன் 24-க்கு வந்தது, அழுத்தம் 19-க்கு ஏறியது. 16-ஐவிட 19 நல்லது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1956-ல் வெளியிட்ட மின்முனையின் வாரிசுதான் இந்த வகை ப்ரோப். மெல்லிய சவ்வைக் கடந்து உள்ளே வரும் ஆக்சிஜன் மின்முனையில் வினைபுரியும்போது சிறு மின்னோட்டம் பிறக்கிறது, அதை அளக்கிறார்கள். குறையும் உண்டு. நுனியைச் சுற்றியுள்ள சின்ன இடத்தைப் பற்றி மட்டுமே அது பேசும். வைத்த கொஞ்ச நேரத்துக்குக் காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. அதற்கப்புறம் எண் விழுந்தால் பிபி குறைவா, ரத்தசோகையா, காய்ச்சலா, வெளியே தெரியாத வலிப்பா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேட வைப்பதுதான் இந்த எண்ணின் பெரிய உபகாரம் என்பேன்.

கருவி வைத்தால் ஆள் பிழைத்துவிடுவாரா? பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், மண்டை அழுத்தக் கருவி வைத்துச் சிகிச்சை பார்த்தவர்களுக்கும், சிடி ஸ்கேனையும் நேரடிப் பரிசோதனையையும் வைத்து ஒழுங்காகப் பார்க்கப்பட்டவர்களுக்கும் முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆக்சிஜன் ப்ரோப்பைப் பற்றி அமெரிக்காவில் 119 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு, மூளை ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் நேரம் நன்றாகக் குறைகிறது என்று காட்டியது. 2023-ல் வந்த பிரான்ஸ் ஆய்வில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. ப்ரோப் இல்லாத ஊரிலும், மணிக்கு ஒருமுறை கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்து, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று குறித்து, நேரத்துக்கு ஸ்கேன் எடுத்தால் நிறையச் செய்ய முடியும் என்றுதான் அந்த 324 பேர் எங்களுக்குச் சொல்கிறார்கள்.

அழுத்தத்தை இறக்கும் வேலை பெரும்பாலும் சாதாரண விஷயங்களில் தொடங்குகிறது. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவோம், கழுத்தை நேராக வைப்போம். மூச்சு டியூபைக் கட்டும் நாடா இறுக்கமாக இருந்தால் கழுத்துச் சிரை நெரிபட்டு ரத்தம் வடியாது. நாடாவை ஒரு விரல் தளர்த்தியதும் எண் மூன்று, நான்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு மயக்க மருந்து, வீங்கிய மூளையிலிருந்து நீரை இழுக்கும் மேனிட்டால், கூடுதல் உப்புள்ள சலைன். எதற்கும் அடங்காவிட்டால் மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கழற்றி மூளைக்கு இடம் கொடுப்பார்கள். அந்த எலும்பைப் பல ஆஸ்பத்திரிகளில் வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக வைத்துப் பிறகு பொருத்துவார்கள். 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் இந்த அறுவை சாவை ஆறு மாதத்தில் 49 சதவீதத்திலிருந்து 27 ஆகக் குறைத்தது. பிழைத்தவர்களில் பலர் மற்றவர் துணையோடு வாழும் நிலையில் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கையெழுத்துக் கேட்கும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் முந்தியது சாலையோரம். மேல் பிபி ஒரே ஒருமுறை 90-க்குக் கீழே போனாலும் தலைக்காயத்தில் சாவின் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ரத்தம் வழிகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது.

அந்த அம்மாவுக்கு மூன்று மலைகளை ஒரு துண்டுத் தாளில் வரைந்து காட்டியிருந்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நான்காம் நாள் சாயங்காலம் கதவைத் திறந்ததும் எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கண்ணு, நடு மலை இறங்கிருச்சா?"

திரும்பி மானிட்டரைப் பார்த்தேன். முதல் மலைக்கு ஒரு நூல் கீழே நின்றது.

"இறங்கியிருக்கும்மா" என்றேன்.