தென்காசிக்கும் எல்லை தாண்டச் சொல்லும் நிரல்

செங்கோட்டையைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவி ஒருவர், பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதிய சிறு நிரலை அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். போகும் ஊரின் பெயரைத் தட்டினால், தமிழக-கேரள எல்லையில் உள்ள புளியரை சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டுமா என்பதை அந்த நிரல் சொல்ல வேண்டும். அவர் வைத்த நிபந்தனை: ஊர் == "புனலூர்" ஆர் "கொல்லம்". இதில் == என்பது ‘சமமா?’ என்ற கேள்வி, ‘ஆர்’ (or) என்பது ‘அல்லது’. கேரளத்தில் உள்ள இந்த இரண்டு ஊர்களுக்கும் விடை சரியாகவே வருகிறது. ஆனால் தமிழகத்திலேயே உள்ள தென்காசி என்று தட்டினாலும் ‘கடக்க வேண்டும்’ என்றே வருகிறது.

மெய், பொய் என்னும் இரண்டே மதிப்புகளைக் கொண்ட இயற்கணிதத்துக்குக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1854-இல் விரிவான நூல் எழுதினார் என்பதும், அதை 1937-இல் பொறியாளர் கிளாட் ஷானன் மின்சுற்றுகளுக்குப் பொருத்தினார் என்பதும் பலரும் அறிந்தவை. மாணவியின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

பைத்தான் முதலில் ஒப்பீட்டைச் செய்துவிட்டுத்தான் ‘ஆர்’ பக்கம் வருகிறது. ஆகவே அதன் பார்வையில் இடப்பக்கம் ‘ஊர் புனலூரா?’ என்ற கேள்வி இருக்கிறது; வலப்பக்கம் இருப்பதோ கேள்வியே அல்ல, ‘கொல்லம்’ என்னும் வெறும் சரம், அதாவது எழுத்துகளின் தொடர். இடப்பக்கம் மெய்யானால் பைத்தான் வலப்பக்கத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பொய்யானால், வலப்பக்கத்து மதிப்பை அப்படியே எடுத்து நீட்டிவிடுகிறது. தென்காசி என்று தட்டிவிட்டு அந்த நிபந்தனையை மட்டும் அச்சிட்டுப் பார்த்தால், ‘ட்ரூ’ (மெய்) என்று வராமல் ‘கொல்லம்’ என்றே வருவதைக் காணலாம், எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. அந்தச் சரத்தை மெய்யாகக் கொள்வதா பொய்யாகக் கொள்வதா என்று நிபந்தனையைச் சோதிக்கும் ‘இஃப்’ கட்டளை முடிவு செய்யும்போது அதன் பொருளைப் பார்ப்பதில்லை, நீளம் பூஜ்யமா என்று மட்டுமே பார்க்கிறது. வெற்றுச் சரம் பொய். வேறெந்தச் சரமும், ஒற்றை இடைவெளி மட்டும் உள்ள சரமும், ‘ஃபால்ஸ்’ (பொய்) என்றே எழுதப்பட்ட சரமும்கூட, மெய்.

தேர்வுக்காக, மெய்-பொய்ச் சேர்க்கைகளின் விடைகளைப் பட்டியலிடும் மெய் அட்டவணையை மனப்பாடம் செய்யவைக்கும் நேரத்தில் பாதியை இப்படி அச்சிட்டுப் பார்க்க ஒதுக்கினால் நன்மை அதிகம் என்பது என் கருத்து.

நிபந்தனையை ஊர் == "புனலூர்" ஆர் ஊர் == "கொல்லம்" என்று முழுமையாக எழுதினால் தென்காசிக்காரர் தப்பிப்பார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 0 என்ற எண் பொய்தான் என்றாலும், பயனர் தட்டுவதைப் பெறும் ‘இன்புட்’ வழியாக வரும் 0 ஒரு சரம் என்பதால், ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றும்வரை அது மெய்யாகவே கொள்ளப்படும்.