பிராம்ப்ட்: ஏவலா, அடியெடுப்பா?

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லும் சொல் 'பிராம்ப்ட்'. தேர்வில் கட்டுரைக்குத் தரும் தலைப்பும் அவளுக்கு பிராம்ப்ட். அதற்கு என்ன எழுதலாம் என்று சாட்ஜிபிடியிடம் தட்டிக் கேட்பதும் பிராம்ப்ட். முன்னது அவளை எழுத வைக்கிறது, பின்னது எந்திரத்தை எழுத வைக்கிறது. எதிரெதிரான இரண்டு வேலைக்கு ஒரே பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். 'ப்ரோமெரே' என்றால் உள்ளிருப்பதை வெளியே எடுத்தல். அதில் பிறந்த 'ப்ராம்ப்டுஸ்' கைக்கெட்டும்படி தயாராக இருப்பதைக் குறித்தது. "ப்ராம்ப்ட்டா பதில் போட்டார்" என்கிறோமே, அது இதன் ஒரு கிளை. இன்னொரு கிளை நாடக மேடைக்குப் போனது. வசனம் மறந்த நடிகருக்கு மறைவில் நின்று எடுத்துக் கொடுப்பவர் 'பிராம்ப்டர்'. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவிலேயே இந்தச் சொல் வருகிறது. நம் சபா நாடகங்களிலும் பக்கத் திரைக்குப் பின்னால் வசனத்தாளோடு ஒருவர் நிற்பார். அவர் முழு வசனத்தையும் ஒப்பிக்க மாட்டார். இரண்டு சொல் கிசுகிசுப்பார், மீதி நடிகர் பாடு.

கணினியில் முதலில் இது, கட்டளைக்காகக் காத்துக்கொண்டு கறுப்புத் திரையில் மினுக்கும் குறிக்குப் பெயராக இருந்தது. மனிதரைப் போல எழுதும் ஏஐ நிரல்களான மொழி மாதிரிகள் வந்ததும் திசை மாறியது. 2020இல் வந்த ஜிபிடி-3க்கு ஒரு வாக்கியத்தின் முன்பாதியைக் கொடுத்தால், அடுத்து வரத்தக்க சொற்களைக் கணித்துக் கணித்து மீதியை எழுதிவிடும். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வெளியான பிறகு பிராம்ப்ட் எல்லார் வாய்க்கும் வந்துவிட்டது.

தமிழில் சிலர் 'தூண்டல்' என்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் மின்காந்தத் தூண்டல் இருக்கிறது, தூண்டல்–துலங்கல் இருக்கிறது. இதையும் அதே பெட்டியில் அடைப்பானேன்? இதற்கு நம்மிடம் பழைய வழக்கு ஒன்று உண்டு: அடியெடுத்துக் கொடுத்தல். தில்லையில் நடராசர் 'உலகெலாம்' என்று எடுத்துக் கொடுக்க, சேக்கிழார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரியபுராணத்தைப் பாடி முடித்தார் என்பது ஐதீகம். கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கு முருகன் தந்த அடி 'திகட சக்கர'. அரங்கேற்றத்தில் ஒருவர் எழுந்து, "திகழ், தசம் இரண்டும் இப்படிப் புணர இலக்கணம் ஏது?" என்று மடக்கினாராம். மறுநாள் வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதியைக் காட்டிய பிறகுதான் சபை அடங்கியது. கடவுளே எடுத்துக் கொடுத்தாலும் சரிபார்க்கிற ஊர் இது!

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்த தலைப்பு: பெருநகர வாழ்க்கை நல்லதா, சிற்றூர் வாழ்க்கை நல்லதா? 40 நிமிடம், குறைந்தது 250 சொல். முதல் நாள் "கட்டுரை எழுதிக் கொடு" என்று கேட்டாள். வந்தது, யார் பெயரை வேண்டுமானாலும் மேலே போடலாம், அப்படியொரு கட்டுரை. அடுத்த நாள் கேட்டதை மாற்றினாள்: "நான் கும்பகோணத்தில் வளர்ந்தவள், இப்போது சென்னையில் இருக்கிறேன். கட்டுரை எழுதாதே. ஒவ்வொன்றாக ஐந்து கேள்வி மட்டும் கேள்." மூன்றாவது கேள்வி, சென்னைக்கு வந்தபின் எதை இழந்ததாக நினைக்கிறாய் என்பது. 'ஊரில் பால்காரருக்கு என் பெயர் தெரியும்' என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதினாள். அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு பத்தி வந்துவிட்டது. இலக்கணத்தை மட்டும் பிறகு திருத்திக்கொண்டாள்.

ஆகவே என் கட்சி, இரண்டு வேலைக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பது. நாம் எந்திரத்துக்குச் சொல்வது 'ஏவல்'. இலக்கணத்தில் ஏவல் வினை ஏற்கெனவே இருப்பதால் பொருள் விளக்க வேண்டியதில்லை. எந்திரமோ ஆசிரியரோ கேள்வித்தாளோ நமக்குத் தருவது 'அடியெடுப்பு'. அவள் செய்தது, ஏவி அடியெடுப்பு வாங்கியது.

அவளிடமே சொல்லிப் பார்த்தேன். 'அடியெடுப்பு' பிடித்திருக்கிறதாம். 'ஏவல்' என்றதும் சிரித்துவிட்டாள்.

"பில்லி சூனியத்தோட சேர்த்துச் சொல்வாங்களே, அந்த ஏவலா அங்கிள்?"