குழாயில் கிருமி வளர்ந்தால் நிமோனியா ஆகிவிடாது

சென்ற வாரம் வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்கள் ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்பட்ட முதியவரின் கோப்பைப் புரட்டியபோது வருத்தத்தைவிடக் கோபமே மிகுந்தது. பக்கவாதத்தால் பத்து நாட்களாக வெண்டிலேட்டரில் இருந்த அவருக்குக் காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, எக்ஸ்ரேயில் புதிய நிழலும் இல்லை. ஆயினும் சளி கல்ச்சரில் (கிருமி வளர்ப்புப் பரிசோதனையில்) அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்ற ஒற்றை வரிக்காக சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் ஐந்து நாட்கள் ஏற்றப்பட்டு, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் உயரும் கிரியாட்டினின் 0.9-இலிருந்து 3.1-ஐ எட்டியிருந்தது. இவ்வாண்டில் இப்படி வந்த நான்காவது நோயாளி இவர்.

வெண்டிலேட்டருடன் இணைக்க மூச்சுக்குழலில் செருகிய குழாய் சில நாட்களிலேயே கிருமிகளின் குடியிருப்பாகிவிடுகிறது. கழற்றிய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்சுவரில் வழவழப்பான பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். அதன் வழியே உறிஞ்சிய சளியில் கிருமி வளர்வதில் வியப்பில்லை. அது குழாயில் குடியேறிய கிருமியா, நுரையீரலைத் தாக்கிய கிருமியா என்பதை ஆய்வகத் தாள் சொல்லாது. நோயாளிதான் சொல்ல வேண்டும். மாறாக, அண்மையில் ஆன்டிபயாடிக்கை மாற்றாத நிலையில் எடுத்த மாதிரியில் எதுவுமே வளரவில்லையெனில், அந்தத் தகவல் நிமோனியா இல்லை என்பதற்கு வலுவான சான்று. அதை மட்டும் ஏனோ எவரும் மதிப்பதில்லை.

குழாய் செருகி 48 மணி நேரம் கடந்தபின், எக்ஸ்ரேயில் புதிய அல்லது பரவும் நிழலும், அதனுடன் 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல், இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 12,000-க்கு மேலோ 4,000-க்குக் கீழோ வெள்ளணுக்கள், சீழ் கலந்த சளி ஆகியவற்றில் இரண்டேனும் இருந்தால்தான் நிமோனியா என்ற சந்தேகமே எழ வேண்டும். அப்போதும் நிழல் ஏமாற்றும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் சுருங்கிய நுரையீரலும் தேங்கிய நீரும் நிமோனியாவைப் போலவே தெரியும். முந்தைய படத்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்; சளியை உறிஞ்சி, பிசியோதெரபி கொடுத்து, மறுநாள் மீண்டும் படமெடுங்கள். சளி அடைத்துச் சுருங்கிய பகுதி பெரும்பாலும் ஓரிரு நாளில் விரிந்துவிடும். நிமோனியா அவ்வளவு விரைவில் மறையாது.

இரத்த அழுத்தம் சரியும் நோயாளிக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அங்கே மாதிரியை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குங்கள். முதல் டோஸ் ஏறிய பிறகு கல்ச்சர் அனுப்பாதீர்கள். முடிவு வந்ததும் தேவையற்றதை நிறுத்துங்கள். பெரும்பாலோருக்கு ஏழு நாட்கள் போதும் என்று 2016-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதலே கூறுகிறது. வாரந்தோறும் வழக்கமாகக் கல்ச்சர் அனுப்பும் பழக்கத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். “சளியில் கிருமி இருக்கிறதாமே, ஏன் மருந்து போடவில்லை?” என்று நீங்கள் கேட்கும்போது அந்தப் பதற்றம் எங்களுக்குப் புரிகிறது. “அது நுரையீரலைத் தாக்கியிருக்கிறதா?” என்று கேளுங்கள், எக்ஸ்ரேயைக் காட்டியே விளக்குகிறோம். அந்த முதியவரின் மகளுக்கும் அப்படித்தான் விளக்கிவிட்டுக் கொலிஸ்டினை நிறுத்தினோம். சிறுநீரகம் மீளக் காத்திருக்கிறோம்.