இன்வாலிடேட்: செல்லாததாக்குதல்

டெஸ்க்டாப் செயலியில் தரவு மாறிவிட்டது, ஆனால் அட்டவணைக் கட்டத்தில் பழைய எண்ணே நிற்கிறது. இந்தக் கோளாறைத் துருவப் போனால் ‘இன்வாலிடேட்’ என்ற சொல் எதிரே வந்தே தீரும். பலர் அதை ‘திரும்ப வரை’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். வரைவதற்கும் அந்தச் சொல்லுக்கும் நேரடி உறவே இல்லை.

வேர் லத்தீன். ‘வலேரே’ என்றால் வலுவாக இருத்தல். அதிலிருந்து ‘வாலிடஸ்’, வலுவுள்ளது. ‘வேல்யூ’வும் இதே குடும்பம்தான். முன்னால் ‘இன்’ சேர்ந்தால் வலுவற்றது. ஆங்கிலத்தில் நோயாளியையும் குறித்தது, செல்லுபடியாகாத பத்திரத்தையும் குறித்தது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது பத்திரத்தின் பொருளை.

தமிழில் ‘செல்லாததாக்கு’ என்பதே என் தேர்வு. ‘ரத்து செய்’ என்றால் நடக்கவிருந்ததை நிறுத்துவது. ‘அழி’ என்றால் பொருள் காணாமல் போகும். இங்கே இரண்டும் நடப்பதில்லை. செல்லாத நோட்டு கையில் அப்படியே இருப்பதுபோல, பழைய எண் திரையில் அப்படியே இருக்கும். இனி அதை நம்பாதே என்ற அறிவிப்பு மட்டும் வெளியாகியிருக்கும்.

விண்டோஸில் ‘இன்வாலிடேட்ரெக்ட்’ என்ற செயல்கூறு செய்வது இதைத்தான்: ஒரு செவ்வகத்தைச் செல்லாத பகுதிக் கணக்கில் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடும். செயலிக்கு வரும் செய்திகள் காத்திருக்கும் வரிசையில் வேறு வேலை இல்லாதபோதுதான் ‘வரை’ என்ற செய்தி வரும். அதனால் அடுத்தடுத்து நூறு முறை அறிவித்தாலும் ஒரே ஒரு முறை வரைந்து முடித்துவிடலாம். 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்த, சாளரம், பொத்தான், அட்டவணை முதலியவற்றை அமைக்கும் தொகுப்பான ஸ்விங்கில் இந்த வேலைக்கு ‘ரீபெயின்ட்’ என்று பெயர். அங்கேயும் ‘இன்வாலிடேட்’ இருக்கிறது, ஆனால் அது செல்லாததாக்குவது படத்தை அல்ல, பாகங்களின் அளவு, இட அமைப்பை. பெயரை நம்பி அதை அழைத்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

சரி, கட்டம் ஏன் மாறவில்லை? பெரும்பாலும் யாரும் அறிவிக்கவில்லை என்பதுதான் காரணம். ஸ்விங்கில் தரவை வைத்திருக்கும் பகுதியான அட்டவணை மாதிரியை (மாடல்) நாமே எழுதும்போது, மதிப்பை மாற்றும் ‘செட்வேல்யூஅட்’டில் புதிய மதிப்பைச் சேமித்துவிட்டு, ‘கட்டம் மாறிவிட்டது’ என்று அறிவிக்கும் ‘ஃபயர்டேபிள்செல்அப்டேட்டட்’ அழைப்பை விட்டுவிடுவோம். மாதிரிக்குத் தெரியும், அட்டவணைக்குத் தெரியாது. சோதிக்க, அட்டவணையில் அந்தக் கட்டம் உள்ள வரியைப் பார்வையிலிருந்து மறையும்வரை உருட்டிவிட்டுத் திரும்ப வாருங்கள். சரியான எண் வந்தால் குறை அறிவிப்பில்தான். (முன்பெல்லாம் வேறொரு சாளரத்தை மேலே இழுத்துப் பார்த்தாலே போதும். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு ஒவ்வொரு சாளரத்தின் படமும் தனியே சேமிக்கப்படுவதால் அந்தத் தந்திரம் பொதுவாகப் பலிப்பதில்லை.)

அறிவித்தும் மாறவில்லையா? அட்டவணை வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்புக்குத் தர வேண்டியது மாதிரியின் வரி எண். திரையில் தெரியும் வரி எண்ணைத் தந்தால் வேறேதோ கட்டம் செல்லாததாகும். அப்புறம், திரையைக் கவனிக்கும் இழையிலேயே (த்ரெட்) நீண்ட வேலை ஓடினால், அறிவிப்பு வரிசையில் காத்துக் கிடக்கும், வரைய ஆள் வராது. வேலையைப் பின்னணி இழைக்கு மாற்றி, அறிவிப்பை மட்டும், வேலையைத் திரை இழையிடம் ஒப்படைக்கும் ‘இன்வோக்லேட்டர்’ வழியே அனுப்ப வேண்டும்.

எண் சரி, நிறம் மட்டும் தப்பு என்றால் செல்லாததாக்குதலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்விங்கில் கட்டத்தை வரைந்து தரும் ரெண்டரர் என்பது பல கட்டங்களுக்கும் மாறி மாறிப் பயன்படும் ஒரே பாகம். ஒரு கட்டத்துக்குப் பின்னணியைச் சிவப்பாக்கிவிட்டு, அடுத்ததற்குப் பழைய நிறத்தைத் திருப்பி வைக்காவிட்டால், எத்தனை முறை வரைந்தாலும் சிவப்புதான். சிவப்பாக்கும் அந்த ‘இஃப்’ நிபந்தனைக்கு, இல்லாவிட்டால் என்ன நிறம் என்று சொல்லும் ஓர் ‘எல்ஸ்’ எழுதுங்கள்.