ஒரு தடவை திரட்டும் பணத்தில் ஐஸ் ஹாக்கி அணி ஓடாது

இந்த மாதமும் ஒரு மின்னஞ்சல். மகன் ஆடும் கல்லூரி ஐஸ் ஹாக்கி அணியை மூடப் போகிறார்களாம், முன்னாள் மாணவர்கள் இணையத்தில் பணம் திரட்டுகிறார்களாம். “பாதி வந்துவிட்டது, அணி தப்பித்துவிடும் இல்லையா?” என்று கேட்கிறார் ஒரு தமிழ் அப்பா. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுத் துறைகளின் வரவு செலவைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

தப்பிக்கலாம், ஒரு வருடம். அதற்கு அடுத்த வருடம்?

ஒரு பணக்காரர் அரங்கம் கட்டிக் கொடுத்தால், அல்லது ஊர் கூடிப் பணம் போட்டால், மீதி தானாக நடக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உதாரணத்துக்குப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். 2010-ல் அதன் முன்னாள் மாணவரும் பெரும் பணக்காரருமான டெர்ரி பெகுலா 8.8 கோடி டாலர் தருவதாக அறிவித்தார், பிறகு அது 10 கோடியைத் தாண்டியது. உண்மைதான். ஆனால் அந்தப் பணம் அரங்கத்துக்கு மட்டும் வரவில்லை, ஆண்கள், பெண்கள் என்று இரண்டு அணிகளை என்.சி.ஏ.ஏ. என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில் (மிக உயர்ந்த நிலை) நிறுத்தவும் சேர்த்தே வந்தது. அதை யாரும் சொல்வதில்லை.

அரங்கம் இருந்தால் போதும் என்பவர்கள் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2001-ல் திறந்த ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரங்கத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. கல்லூரி ஹாக்கியில் அதைவிட ஆடம்பரமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரங்கம் அங்கேயே நிற்க, 2017-ல் பட்ஜெட் வெட்டில் பெண்கள் அணியை மூடிவிட்டார்கள். அந்த அணியில் ஆடிய லாமரூ இரட்டைச் சகோதரிகள் இருவரும் அடுத்த ஆண்டே ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிராகக் கோல் போட்டு அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள்.

யானையை வாங்குவது பெரிதில்லை, கட்டித் தீனி போடுவதுதான் பாடு. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் உபகரண மேலாளரின் அறைக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் உடைந்த கார்பன் ஃபைபர் மட்டைகள் கிடக்கும், நல்ல மட்டை ஒன்று 300 டாலர், ஓங்கி ஒரு அடி அடித்தால் இரண்டாகப் போய்விடும், மாணவன் அடுத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவான். ஸ்கேட், அதாவது பனியில் சறுக்கும் காலணி, ஒரு ஜோடி ஆயிரம் டாலர். கோல்கீப்பர் கால் கவசம் அதற்கும் மேல். அப்புறம் ஸ்கேட் கத்திக்குச் சாணை பிடிக்கும் இயந்திரம், வியர்வையில் ஊறிய கவசங்களைக் காயவைக்கும் அடுக்கு, இதையெல்லாம் கவனிக்க முழுநேரச் சம்பளத்தில் ஒருவர். வெளியூர் ஆட்டம் பெரும்பாலும் வெள்ளி, சனி என்று இரண்டு நாள், ஆகவே வியாழனன்றே முப்பது பேருக்கு மேல் பஸ்ஸோ விமானமோ ஏறுவார்கள், ஹோட்டல், மூன்று வேளைச் சாப்பாடு, மூட்டை மூட்டையாகச் சாமான். சொந்த அரங்கம் இல்லையென்றால் மணிக்கணக்கில் பனித்தள வாடகை, இருந்தால் வெயில் காலத்திலும் ஓடும் குளிர்பதன இயந்திரத்துக்கு மின்கட்டணம்.

இதைவிடப் பெரிய செலவு உதவித்தொகை. என்.சி.ஏ.ஏ. நெடுநாள் வைத்திருந்த வரம்பு, ஒரு அணிக்கு 18 முழு உதவித்தொகை. ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் என்று வைத்தாலே பத்து லட்சத்தை நெருங்கிவிடும். “கல்லூரியே தன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது, அதில் என்ன செலவு?” என்று கேட்காதீர்கள். பல இடங்களில் விளையாட்டுத் துறை அந்தத் தொகையைக் கல்லூரிக்குக் கட்டித்தான் ஆக வேண்டும், நான் அந்தப் பதிவுகளைப் பார்க்கிறேன்.

சரி, நிரந்தர வைப்பு நிதி? முதலைத் தொடாமல் ஆண்டுக்கு நான்கு, ஐந்து சதவீதம்தான் எடுக்க முடியும். பத்து லட்சம் டாலர் போட்டால் வருவது 40,000, அல்லது 50,000. ஒரு மாணவனின் படிப்புக்கே அது பத்தாமல் போகலாம். ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் செலவுள்ள அணியை வட்டியிலேயே நடத்த வேண்டுமென்றால் நாலு கோடியோ ஐந்து கோடியோ வேண்டும். தயவுசெய்து இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு தடவை திரட்டிய பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்வில் வளாக அணியைப் பாருங்கள். 2020 மே மாதம் அணியை மூடுவதாக அறிவித்ததும் ரசிகர்கள் சில நாட்களிலேயே ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள், அணி மீண்டது, கொண்டாடினார்கள். அடுத்த மே மாதம் மறுபடி நிறுத்தம். அதே லீக்கில் ஆடிய சக அணிகள் பல பிரிந்து போய்ப் புது லீக் அமைத்துவிட்டன, இவர்களைச் சேர்த்துக்கொள்ள எந்த லீக்கும் முன்வரவில்லை. லீக் இல்லையென்றால் ஆட்ட அட்டவணையைப் பூர்த்தி செய்வதே பெரும்பாடு, அதைப் பணம் திரட்டிச் சரிசெய்ய முடியாது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆங்கரேஜ் வளாக அணியையும் மூட முடிவானபோது நிர்வாகம் கறாராக இருந்தது: இரண்டு ஆண்டுச் செலவு, 30 லட்சம் டாலர், முதலில் வரட்டும் என்றார்கள். ஒரு வருடம் படாதபாடு பட்டுச் சேர்த்தார்கள், 2022-ல் அணி பனித்தளத்துக்குத் திரும்பியது. நிதி திரட்டுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த வழியைத்தான்.

ஆகவே பணம் அனுப்பும் முன் கேளுங்கள். வந்தது ரொக்கமா, வாக்குறுதியா? அணி மூடினால் பணம் திரும்புமா, பொது நிதியில் கலக்குமா? எந்த லீக், எத்தனை ஆண்டுக்கு? ஆண்கள் அணியை மட்டும் சேர்ப்பதென்றால் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் 1972-ம் ஆண்டுச் சட்டத்துக்கு என்ன பதில்? இதற்குப் பதில் சொல்லாதவர்களுக்குப் பத்து டாலர்கூட அனுப்பாதீர்கள்.

பிள்ளையை ஹாக்கிக்காகவே ஒரு கல்லூரியில் சேர்க்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அணியை மூடும் அறிவிப்பு பெரும்பாலும் வசந்த காலத்தில்தான் வரும், அதற்குள் மற்ற கல்லூரிகளில் இடம் நிரம்பியிருக்கும். ஆகவே அணி போனாலும் படிப்பு முடியும்வரை உதவித்தொகை தொடரும் என்று கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் வாயால் சொன்னார் என்றால் போதாது, அவருக்கும் அன்றைக்கு வேலை போயிருக்கும்.