அலாட்மென்ட்டில் கோழி வளர்ப்பு: பெட்டைக்குச் சட்டம் துணை, சேவலுக்கு இல்லை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) அலாட்மென்ட், அதாவது காய்கறி போடக் குத்தகைக்குக் கிடைக்கும் சிறு துண்டு நிலம், எடுத்து வெங்காயம், பூசணி, உருளைக்கிழங்கு என்று போட்டுவரும் நம்மவர்கள் பலருக்கு, ஓரமாக நாலு கோழி வளர்த்தால் என்ன என்று தோன்றும். குத்தகைத் தாளைப் புரட்டினால் 'கோழி வளர்க்க அனுமதி இல்லை' என்று ஒரு வரி இருக்கும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. 1950-ஆம் ஆண்டின் அலாட்மென்ட் சட்டம், 12-ஆவது பிரிவில், குத்தகையில் என்ன எழுதியிருந்தாலும் நிலத்தை வைத்திருப்பவர் பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்கலாம் என்கிறது. அதற்கு நியாயமாகத் தேவைப்படும் கூண்டையும் கொட்டகையையும் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவு வந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். போர் முடிந்தும் அங்கே முட்டைக்கு ரேஷன் இருந்தது. 1953-இல்தான் அது நீங்கியது. வீட்டுக்கு முட்டை கிடைக்கச் சாமானியர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ரேஷன் போய்விட்டது, உரிமை மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது.

உரிமைக்கு எல்லைகளும் உண்டு. வியாபாரமாக நடத்தக் கூடாது. சுகாதாரக் கேடோ அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையோ ஆகும் விதத்தில் வளர்க்கக் கூடாது. மற்றச் சட்டங்களுக்கும் இது விலக்குத் தராது. அப்புறம், எல்லோரும் கவனிக்காமல் போகிற ஒன்று: சட்டத்தில் இருப்பது பெட்டைக்கோழி என்ற சொல் மட்டும்தான். சேவல் அதில் வராது. 'சேவல் கூடாது' என்று குத்தகையில் இருந்தால் அது செல்லும். பல கவுன்சில்களின் விதிகளில் அந்த வரி இருக்கிறது. உரிமை இருந்தாலும், கோழி வருவதற்கு முன்பே கவுன்சிலுக்கோ, அலாட்மென்ட் தளத்தைக் கவனிக்கும் குத்தகைதாரர் சங்கத்துக்கோ (தளச் சங்கம்) எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. கொட்டகையின் அளவு பற்றிய சண்டைகள் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் வருகின்றன.

பண்ணையிலிருந்து மீட்ட கோழிகள் இந்த ஏற்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். பெரிய பண்ணைகளில் ஒன்றரை வயது ஆனதும், முட்டை குறைந்துவிட்டது என்று பெட்டைகளைக் கழித்து அறுப்புக்கு அனுப்புவார்கள். அவற்றில் ஒரு பகுதியை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிறது பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. வந்து சேரும்போது கோழி பார்க்கவே பாவமாக இருக்கும்: கழுத்தும் முதுகும் இறகில்லாமல், கொண்டை வெளுத்துத் தொங்கி, புல்லை மிதிக்கவே தயங்கி நிற்கும். உயரமான கம்பில் ஏறி உட்காரத் தெரியாது. அதனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அகலமான கம்பு வையுங்கள். முதல் சில நாள் சாயங்காலம் கையால் தூக்கிக் கூண்டுக்குள் விட வேண்டியிருக்கும். பண்ணையில் தூள் தீவனம் தின்று பழகியவை, ஆகவே முதலில் அதையே கொடுத்து மெல்ல மாற்றுங்கள். சில வாரங்களில் இறகு முளைக்கும், கொண்டை சிவக்கும். மண்ணைக் கிளறி வெயிலில் புரள்வதைப் பார்க்கும்போது பட்ட பாடெல்லாம் மறந்துபோகும்.

தீவனத்தில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று சட்டத்தோடு முட்டும். மிஞ்சின சோற்றையும் காய்த்தோலையும் கோழிக்குப் போடுவது நமக்கு இயல்பு. அங்கே அது குற்றம். 2001-இல் கோமாரி நோய் நாட்டையே உலுக்கியது. பன்றிகளுக்குப் போட்ட உணவுக் கழிவிலிருந்து அது கிளம்பியதாகக் கண்டறிந்த பிறகு விதி இறுகியது. இறைச்சியோ பாலோ புழங்கும் சமையலறைக்குள் போய் வந்த எதையும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது, காயின் தோலைக்கூட. செல்லமாக வளர்க்கும் இரண்டு கோழிக்கும் இதே விதிதான். முட்டைக்கோஸ் இலையைப் பாத்தியில் பறித்து நேராகக் கூண்டுக்குள் போடலாம். வீட்டுக்குக் கொண்டுபோய், நறுக்கி, திருப்பிக் கொண்டுவந்து போடக் கூடாது.

அடுத்தது பதிவு. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் ஏ.பி.எச்.ஏ. எனும் விலங்கு, தாவர நலத்துக்கான அரசு முகமையில் பதிய வேண்டும். கட்டணம் கிடையாது. புதிதாகக் கோழி வந்தால் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். கோழி இருக்கும் இடத்தைத் தவறாமல் குறிப்பிடுங்கள், உங்கள் வீட்டு முகவரி மட்டும் போதாது. பறவைக் காய்ச்சல் பரவும்போது அக்கம்பக்கத்தில் கோழி எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பதிவு. அந்த நேரத்தில் பறவைகளை அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2025 நவம்பரில் இங்கிலாந்து முழுவதற்கும் வந்த உத்தரவில் 50-க்குக் குறைவான கோழி வைத்திருப்போருக்கு விலக்கு இருந்தது, ஆனால் முட்டையை விற்காமலும் இலவசமாகக்கூட வெளியே கொடுக்காமலும் இருந்தால்தான். அடுத்த நிலத்துக்காரருக்கு ஆறு முட்டை கொடுத்தால் அந்த விலக்கு போய்விடும். பகிர்ந்து வளர்ப்பவர்கள் குளிர்காலம் தொடங்கும் முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கோழி உலாவ மழைக்கூரையும் வலையும் போட்ட அடைப்பு இருந்தால் உத்தரவு வந்தாலும் கோழி நெருக்கடிப்படாது, நரியும் அண்டாது.

சரி, சேவல் ஏற்கெனவே இருந்தால்? முட்டைக்கு அது தேவையே இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். ஆகவே புதிதாக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வருஷக்கணக்காக இருந்துவிட்ட கிழச் சேவலை, விதி இருக்கிறது என்று துரத்தவும் மனம் வராது, துரத்தக் கூடாது. தளச் சங்கத்திடம் அந்த ஒரு பறவைக்கு மட்டும், அது வாழும் வரைக்கும், எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் கூவலைப் பற்றி யாராவது புகார் கொடுத்தால் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கவுன்சில் வந்து பார்க்கலாம். தொல்லை என்று முடிவானால் அதை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வரும், மீறினால் வழக்கு. இரவில் நன்றாக இருட்டாகும், காற்றோட்டமுள்ள கூண்டில் அடைத்து, காலையில் ஊர் விழித்த பிறகு திறந்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தணியும். கூவலை அடக்கக் கழுத்தில் மாட்டும் பட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கொஞ்சம் இறுகினாலே மூச்சு முட்டும்.

வயதான சேவலின் காலில் முள் நீண்டு வளைந்துவிடும். பெட்டை மேல் ஏறும்போது இறகு முளைக்காத முதுகைக் கிழித்துவிடும். முள்ளின் நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அராவ வேண்டும், உள்ளே ரத்தம் ஓடுவதால் வேரோடு வெட்டக் கூடாது. பெட்டைகளுக்கு இறகு வரும்வரை சேவலைத் தனியாக வைப்பதே நல்லது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது சேவலின் சிறுநீரகத்துக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் பொதுத் தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் பெட்டைகள் வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். கடும் பனியில் கொண்டை உறையாமல் இருக்க வாஸலின் தடவலாம்.

பல குடும்பங்கள் சேர்ந்து வளர்க்கும்போது முறை போட்டுப் பார்ப்பார்கள். 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இங்கே எல்லோரையும் பிடிக்கும்: பறவையைத் தற்காலிகமாகப் பொறுப்பில் வைத்திருப்பவரும் பொறுப்பாளிதான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் முறை என்றால், அன்றைக்குத் தண்ணீர் உறைந்து கிடந்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்: யார் பெயரில் பதிவு, எந்த நாள் யார், விடுமுறையில் யார், மருத்துவர் செலவை எப்படிப் பங்கிடுவது, மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை எங்கே குறிப்பது. கோழி செத்தால் நிலத்தில் புதைக்கவும் அனுமதி இல்லை. மருத்துவர் மூலமோ அனுமதி பெற்ற சேகரிப்பாளர் மூலமோ ஒப்படைக்க வேண்டும், அதற்கான பணத்தையும் அந்தத் தாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.